வள்ளி கும்மி மெட்டுக்கு வயலின் கூட்டம்: டொரிகோவிலிருந்து சாம்பிள்களை இயக்கும் முறை

வள்ளி கும்மி மெட்டு ஒன்றுக்கு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈரோட்டிலோ காங்கேயத்திலோ நாற்பது வயலின்காரர்களை ஒரே அறையில் உட்கார வைப்பது லேசான காரியமில்லை. ஆனால் எழுதியதை, நிஜ வாத்தியங்களின் ஒலிப்பதிவுகளை (சாம்பிள்களை) கொண்டு மடிக்கணினியே வாசித்துக் காட்டும். ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதத் தெரிந்தவர்களுக்கானது இந்தப் பதிவு. நோட்டுகளை உள்ளிடும் முறைக்குள் நான் போகவில்லை.

ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதும் மென்பொருள்களில் என் தேர்வு டொரிகோ. அதே வகை மென்பொருளான ஃபினாலேயின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. புதியவர்கள் அதில் காலத்தைச் செலவிட வேண்டாம். மியூஸ்ஸ்கோர் இலவசம். அதற்கென்றே உருவாக்கிய மியூஸ் சவுண்ட்ஸ் சாம்பிள் தொகுப்புடன் எந்த அமைப்பும் செய்யாமலே அருமையாக ஒலிக்கும். பிற நிறுவனங்களின் சாம்பிள்களை நம் விருப்பப்படி ஆட்டிவைக்க வேண்டுமென்றால் டொரிகோதான். எக்ஸ்பிரஷன் மேப்பை (தாளில் உள்ள குறிகளைச் சாம்பிளுக்கான கட்டளைகளாக மாற்றும் பட்டியலை) திருத்தும் வசதி உங்கள் பதிப்பில் உண்டா என்று மட்டும் முதலில் பாருங்கள். சாம்பிளுக்கு ஸ்பிட்ஃபயரின் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் போதும்: இலவசம், பழைய கணினியையும் திணறடிக்காது.

முதலில் ப்ளே பகுதிக்குப் போய் விஎஸ்டி (மென்பொருளுக்குள் ஏற்றும் வாத்தியச் செருகி) பட்டியலில் டிஸ்கவரை ஏற்றி, அதில் முதல் வயலினைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக ஏற்ற வேண்டும்.

அடுத்து லைப்ரரி மெனுவில் எக்ஸ்பிரஷன் மேப்ஸ். புதிய மேப் ஒன்றைத் தொடங்கி நேச்சுரல் (வழக்கமான வில் வாசிப்பு), ஸ்டக்காட்டோ, பிட்ஸிகாட்டோ, ட்ரெமொலோ ஆகிய நான்கையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கீஸ்விட்ச் எண் (ஒலி எழுப்பாமல் வாசிப்பு முறையை மட்டும் மாற்றும் விசையின் எண்) தர வேண்டும். வில்லால் இழுப்பதா, விரலால் மீட்டுவதா என்பதைச் சாம்பிளுக்குச் சொல்வது இந்த எண்தான்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நடு சி-யின் மிடி எண் (ஒவ்வொரு சுரத்துக்கும் கணினி தரும் எண்) எல்லா மென்பொருளிலும் 60. பெயர்தான் மாறும்: சிலர் அதை சி3 என்பார்கள், சிலர் சி4 என்பார்கள். சாம்பிளின் கையேடு சி0 என்று சொன்னால், முதல் கணக்கில் அது 24. இரண்டாவது கணக்கில் 12. ஓர் ஆக்டேவ் தவறினால் கட்டளை யார் காதிலும் விழாது, பிட்ஸிகாட்டோ வரவேண்டிய இடத்தில் வில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பெயரை நம்பாதீர்கள். சாம்பிள் பிளேயர் நடு சி-யை எப்படி அழைக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து ஆக்டேவுக்கு 12 வீதம் எண்ணி, எண்ணையே உள்ளிடுங்கள். நேச்சுரலுக்கும் கட்டாயம் ஓர் எண் வேண்டும். அதை வெறுமையாக விட்டால், ஒருமுறை பிட்ஸிகாட்டோவுக்குப் போன வயலின் பிறகு வில்லுக்குத் திரும்பாது.

அதே ஜன்னலில் வால்யூம் டைனமிக் என்று ஒன்று உண்டு; ஒலியின் ஏற்ற இறக்கத்தை எதைக் கொண்டு இயக்குவது என்பதை அங்கே சொல்ல வேண்டும். நேச்சுரலுக்கும் ட்ரெமொலோவுக்கும் கன்ட்ரோலர் 1 (மிடியின் மாடுலேஷன் கட்டளை). ஸ்டக்காட்டோவுக்கும் பிட்ஸிகாட்டோவுக்கும் நோட் வெலாசிட்டி (நோட்டைத் தட்டும் விசையின் அளவு). வெலாசிட்டி, நோட் தொடங்கும் கணத்திலேயே முடிவாகிவிடும். நான்கு எண்ணிக்கை நீளும் ஒரே நோட்டின் கீழ் கிரசெண்டோ போட்டால் அது கேட்காது. கன்ட்ரோலர் 1 நோட் ஒலிக்கும்போதே மாறிக்கொண்டே வரும். மென்மையாக வாசித்த பதிவிலிருந்து அழுத்தி வாசித்த பதிவுக்கு ஒலி மெல்ல நகரும். ஆர்கெஸ்ட்ராவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பிறகு ப்ளே பகுதியில் அந்த விஎஸ்டியின் பல்சக்கரப் பொத்தானை அழுத்தி, எண்ட்பாயின்ட் செட்டப்பில் உங்கள் மேப்பைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாதவரை மேப் லைப்ரரியில் சும்மா கிடக்கும்.

இனி தாளில் எழுதலாம். கும்மியில் கை தட்டு விழும் இடங்களை நான் பிட்ஸிகாட்டோவுக்குத் தந்திருக்கிறேன். ஷிஃப்ட்டுடன் பி அழுத்தி அந்தக் குறியை எழுதுங்கள். ஷிஃப்ட்டுடன் எக்ஸ் அழுத்தி எழுதினாலும் தாளில் அதே மாதிரிதான் தெரியும்; ஆனால் அது வெறும் எழுத்து, சாம்பிளுக்குப் போய்ச் சேராது. வில்லுக்குத் திரும்ப ஆர்கோ குறி.

பின்சேர்க்கை: திருப்பூர் வாசகர் ஒருவர், டபுள் பாஸ் மட்டும் தாறுமாறாக வாசிக்கிறது என்று எழுதினார். வயலின் மேப்பையே அதற்கும் போட்டிருந்தார். வயலினின் மிகத் தாழ்ந்த நோட்டின் மிடி எண் 55, அதற்குக் கீழே கீஸ்விட்சுக்கு நிறைய இடமுண்டு. டபுள் பாஸோ 28 வரை இறங்கும். அங்கே கீஸ்விட்ச் வைத்தால் இசையோடு மோதும் என்பதால் பல சாம்பிள் தொகுப்புகளில் அதன் இடமே வேறு. பாஸுக்குத் தனி மேப் எழுதுங்கள்.

இன்னொன்று: கும்மி வேகமெடுக்கும் பகுதியில் வயலின் பின்தங்குவதாகச் சிலர் கேட்டிருக்கிறார்கள். நீள வில் சாம்பிள்கள் மெதுவாகத்தான் எழும்பும். அந்தக் குறு நோட்டுகளுக்கு ஸ்டக்காட்டோ புள்ளி வையுங்கள். டிஸ்கவரின் ஸ்பிக்காட்டோவை (வில்லைத் துள்ளவிட்டு வாசிக்கும் குறு நோட்டுகளை) மேப்பில் அந்தப் புள்ளியோடு இணைத்திருந்தால் வயலின் தாளத்தில் வந்து உட்காரும்.