டீசல் இன்ஜின் மாடல் அசலைப் போல இருக்கிறதா? பார்ப்பதில் நேரும் தவறுகள்

ஜிபி9 என்பது அமெரிக்காவின் இஎம்டி நிறுவனம் செய்த டீசல் ரயில் இன்ஜின். "இது ஜிபி9 மாதிரியே இல்லை" என்று அதன் சிறிய மாடல் ஒன்றை ஒதுக்குகிறவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த ரயில்வே நிறுவனத்தின், எந்த எண் கொண்ட ஜிபி9? எந்த வருடத்தில் இருந்தது? அதற்கு விடை இல்லாமல் குறை சொல்வதுதான் பெரிய தவறு. புகழ்வதும் அப்படித்தான்.

அமெரிக்க டீசல் இன்ஜின்கள் ஒரே பெயரில் விற்றாலும், வாங்கிய ரயில்வேயின் விருப்பத்துக்கு ஏற்ப மாறின. இஎம்டியின் இன்னொரு இன்ஜினான எஸ்டி40-2 என்றால், ஓட்டுநர் அறைக்கு முன்னால் நீளும் மூக்கு தாழ்வாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். சதர்ன், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற இரண்டு அமெரிக்க ரயில்வேகளும் அதை உயர்ந்த மூக்கோடு வாங்கின. அதே எஸ்டி40-2க்கு வழக்கமான போகி, அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம், எச்டி-சி என்ற வகை. கான்ரெயில் என்ற ரயில்வேயோ பழைய ஃப்ளெக்ஸிகாயில் வகைப் போகியையே கேட்டு வாங்கியது. சூ லைன் ரயில்வேயின் ஜிபி30 இன்னும் வேடிக்கை. போட்டி நிறுவனமான ஆல்கோவின் பழைய இன்ஜின்களைக் கொடுத்துப் புதியதை வாங்கியதால், அந்த ஆல்கோ போகிகளே இஎம்டியின் புது இன்ஜினுக்கு அடியில் வந்து சேர்ந்தன. அதைச் சரியாகச் செய்த மாடலைப் பார்த்தால், 'போகியை மாற்றி மாட்டிவிட்டார்கள்' என்றுதான் தோன்றும்.

வருடமும் அவ்வளவு முக்கியம். இன்ஜின்கள் பல பத்தாண்டுகள் ஓடுகின்றன. நடுவில் மூக்கை வெட்டுவார்கள், அடையாள எண்ணையும் மாற்றுவார்கள். இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே தன் பழைய ஜிபி7, ஜிபி9களை பதூக்கா பணிமனையில் கிட்டத்தட்ட வேறு இன்ஜினாகவே ஆக்கிவிட்டது. பெயின்ட் ஒரு காலத்தையும் உதிரிகள் இன்னொரு காலத்தையும் காட்டுவதுதான் மாடல்களில் அடிக்கடி தென்படும் பிழை. அமெரிக்காவில் முன்பக்கக் கூடுதல் விளக்குகள் 1997 முடிவில்தான் கட்டாயமாயின. 1970களின் பெயின்டில் இருக்கும் அமெரிக்க இன்ஜினில் கீழே அந்தக் கூடுதல் விளக்குகள், அதாவது இரண்டு டிட்ச் லைட், இருந்தால் சந்தேகப்படலாம். ஆகவே தேதி தெரிந்த படத்தை மட்டும் நம்புங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது, அதனால் மறுபக்கப் படமும் வேண்டும்.

ஒரே இன்ஜின் வகையில் காலப்போக்கில் வந்த மாற்றங்களை 'ஃபேஸ் 2', 'ஃபேஸ் 3' என்று சொல்லிப் பிழை கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. அது ரசிகர்கள் வைத்த பெயர், தொழிற்சாலையின் பெயர் இல்லை. கூரையைப் பார்ப்பது மேல்: ஜிபி38-2க்கு ரேடியேட்டர் ஃபேன் இரண்டு, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) உள்ள ஜிபி40-2க்கு மூன்று.

அளக்கும்போது மொத்த நீளத்தை எடுக்காதீர்கள். மாடலின் கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) பெரிது, வளைவில் திரும்புவதற்காக வெளியேயும் தள்ளி நிற்கும். போகி மையத்திலிருந்து போகி மையம் வரை அளந்தால் ஏமாற்றம் இல்லை. ஜிபி9இல் அது 31 அடி. எச்ஓ என்ற மாடல் அளவில், அதாவது அசலை 87.1 மடங்கு குறுக்கும் 1:87.1இல், சுமார் 108.5 மி.மீ. சக்கர விட்டம் 40 அங்குலம், மாடலில் 11.7 மி.மீ. சாதாரண காலிப்பர் போதும்.

தவறு வேறு, விட்டுக்கொடுத்தல் வேறு. சாதாரண எச்ஓ சக்கரத்தின் அகலம் 2.8 மி.மீ.; அசலைச் சரியாகக் குறுக்கினால் 1.6 மி.மீ. பக்கம்தான் வரும். ஆனால் தண்டவாளம் பிரியும் பாயின்டுகளில் தடம் புரளாமல் ஓட இந்த அகலம் உதவுகிறது. அதனால் அந்த அகலச் சக்கரங்களுக்கு இடம் விட்டு போகியின் பக்கச் சட்டங்கள் வெளியே தள்ளி நிற்பதை மன்னிக்கலாம். மோட்டாருக்கு இடம் வேண்டுமென்று இன்ஜினை மூடும் கூடான ஹூடையே அகலப்படுத்திய பழைய மாடல்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, முகமே மாறிவிடுகிறது.

நிறத்தில் மட்டும் கொஞ்சம் தயவு காட்டலாம். அசல் பெயின்ட் வெயிலில் வெளுக்கும், பழைய கலர் ஃபிலிம் தன் பங்குக்கு நிறம் மாறும், நாமோ மஞ்சள் பல்பின் கீழே மாடலைப் பிடித்துப் பார்க்கிறோம். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரே இன்ஜினின் நாலைந்து படங்களோடு ஒப்பிட்ட அப்புறம் சொல்லுங்கள்.