மாடல்களை இணைக்கும் முன் ஒரு சின்னக் கனசதுரம்

பாலத்துக்கு ஒருவர், சாலைக்கு ஒருவர், வடிகாலுக்கு ஒருவர் எனத் தனித்தனியாகக் கணினியில் முப்பரிமாண மாடல் செய்கிறீர்களா? மோதல் சோதனையை (ஒருவர் மாடல் இன்னொருவர் மாடலில் இடிக்கிறதா என்று பார்ப்பதை) ஓட்டும் முன், எல்லோருடைய ஆயத்தொலைவும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

தெரிந்த ஒரு சர்வே புள்ளியில் ஒவ்வொருவரும் 1 மீட்டர் கனசதுரம் வைத்து, ஐஎஃப்சி கோப்பாக (வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பகிரும் பொது வடிவம்) அனுப்பச் சொல்லுங்கள். இணைத்ததும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் மலை மாதிரி நின்றால், மில்லிமீட்டரை மீட்டராக எடுத்திருக்கிறது. கோணலாக நின்றால் வடக்குத் திசையில் குழப்பம். மேலேயோ கீழேயோ நின்றால், மட்டத்தை, அதாவது உயரத்தை, அளக்கத் தொடங்கும் அடிப்படை வேறு.

ரெவிட் என்ற மாடலிங் மென்பொருளில், உள் மூலப்புள்ளியிலிருந்து (அதன் 0,0,0 புள்ளி) 16 கிலோமீட்டருக்கு அப்பால் வரைந்தால் துல்லியம் கெடும். அதை மட்டும் நினைவில் வையுங்கள். அப்புறம், அளவுப் பட்டியல் எடுக்கும் முன் கனசதுரத்தை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும்!