உப்புக்காற்று ஊரில் செகண்ட் ஹேண்ட்: ஆன்லைனில் முதல்முறை விற்பவருக்கும் வாங்குபவருக்கும்

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் ராமநாதபுரம் பக்கத்து விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதம்தான் போனில் விளம்பரங்கள் குவிகிற சமயமும். மண்டபத்தில் ஒரு ஸ்பிளெண்டர், தங்கச்சிமடத்தில் ஒரு வாஷிங் மெஷின், தொண்டியில் படகின் பின்புறம் மாட்டும் ஒரு அவுட்போர்டு என்ஜின், கீழக்கரையில் துபாயிலிருந்து வந்த ஐபோன். ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஊர் வாட்ஸ்அப் குரூப் என்று எதில் போட்டாலும் விற்கும் முறை ஒன்றுதான், ஏமாற்றுகிறவன் வருகிற வழியும் ஒன்றுதான்.

நானும் 2,000 ரூபாய் விட்டவன்தான். பரமக்குடியில் இருப்பதாகச் சொன்ன ஒரு பிரிட்ஜ். "வேற ஆளு கேக்குறாங்கண்ணே, டோக்கன் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கே எடுத்து வச்சிருவேன்" என்றான் அந்தப் பையன். குரலில் அவ்வளவு மரியாதை. போட்டேன். சாயங்காலம் அந்த நம்பரே இல்லை. அதற்குப் பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, பொருளைக் கையால் தொடாமல் ஒரு ரூபாயும் அனுப்புவதில்லை என்பது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

விற்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேதாளையில் இருக்கும் என் மச்சானுடைய 2016 மாடல் பைக்கை விற்றோம், அதையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: விளம்பரம்

காலை வெயிலில், வெட்டவெளியில் வண்டியை நிறுத்திப் படம் எடுங்கள். வீட்டு வாசல், கதவு எண், பின்னால் நிற்கும் பிள்ளைகள் எதுவும் படத்தில் விழ வேண்டாம். நம்பர் பிளேட்டில் டிஎன் 65 தெரிந்தால் போதும், கடைசி நான்கு எண்ணை மறைத்துவிடுங்கள். உண்மையாகக் கேட்பவருக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

குறையை மறைக்காதீர்கள். சைலன்சரில் துரு இருந்தால் அதற்கென்றே ஒரு படம் போடுங்கள். நேரில் வந்து பார்த்து முகம் சுளித்துப் போகிற ஆட்கள் பாதியாகக் குறைவார்கள். விலைக்கு, அதே மாடலில் பக்கத்து ஊர்களில் போட்டிருக்கும் பத்து விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் மனதில் இருக்கும் தொகைக்கு மேல் கொஞ்சம் வைத்துப் போடுங்கள். அழைக்கிறவர் எல்லாரும் முதல் வார்த்தையாக "கடைசி விலை என்ன?" என்றுதான் கேட்பார்கள். "வண்டியைப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்பதே பதில்.

இரண்டாம் படி: வருகிற அழைப்பு

இங்கேதான் நிதானம் வேண்டும். விளம்பரம் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் மச்சானுக்கு ஓர் அழைப்பு வந்தது. தமிழும் இந்தியும் கலந்த பேச்சு.

"சார், நான் கோஸ்ட் கார்டு. மண்டபம் கேம்ப்ல போஸ்டிங். வண்டி புடிச்சிருக்கு. டூட்டி இருக்கு, வெளிய வர முடியாது. பணம் இப்பவே போடுறேன், எங்க ஆளு வந்து எடுத்துக்குவான்."

அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு. ராணுவம் என்று சொல்லி ஏமாற்றுவது நாடு முழுக்க நடக்கிற பழைய வித்தை. நம் ஊரில் அது இன்னும் நன்றாக எடுபடும். மண்டபத்தில் கோஸ்ட் கார்டு நிலையம் நிஜமாகவே இருக்கிறது, உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளமும் இருக்கிறது. டீக்கடையில் தினம் பார்க்கிற சீருடைதானே என்று நம்பிவிடுவோம்.

மச்சான் வெள்ளந்தியாக, "அதுக்கென்ன சார், வேதாளையிலேருந்து பத்து நிமிசம். கேம்ப் வாசலுக்கே வண்டியக் கொண்டாறேன்" என்றார். அந்தப் பக்கம் கட்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவன் விலையே பேசவில்லை. நாலு வஞ்சிரத் துண்டு வாங்கினாலே இருபது ரூபாயாவது குறைத்துக் கேட்கிற ஊர் இது. 32,000 சொன்ன வண்டியைப் பார்க்காமலே 32,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

மூன்றாம் படி: பணம்

இந்த ஒரு வரியைத் தனியாக எழுதி வீட்டில் ஒட்டினாலும் சரி: பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையில்லை. இருப்பு பார்ப்பதைத் தவிர, பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, காசு ஏறிடும்" என்பது பொய். ஸ்கேன் செய்வது கொடுப்பவர் வேலை. ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட்டை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு கதவு அடைபட்டது. ஆனால் வணிகக் கணக்கு க்யூஆர், "செக் பண்ண ஒரு ரூபா அனுப்பிப் பாருங்க", உங்கள் போன் திரையை அவனுக்குக் காட்டும் ஸ்கிரீன் ஷேர் ஆப், வாட்ஸ்அப்பில் ஆப்பாக வரும் ஏபிகே ஃபைல் என்று மற்ற கதவெல்லாம் திறந்தே கிடக்கிறது. எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் உண்டு, வங்கியிலிருந்து வந்தது போல எஸ்எம்எஸ்ஸும் அனுப்புவார்கள். உங்கள் ஆப்பைத் திறந்து, கணக்கில் இருப்பு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பாம்பன் பக்கம் சிக்னல் சதி செய்யும் நாளில், "அனுப்பிட்டேன்ணே, சர்வர் ஸ்லோ" என்று ஒருவர் சாவியை வாங்கப் பார்ப்பார். காத்திருக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை. "5,000-க்குப் பதிலா தவறுதலா 50,000 போட்டுட்டேன், மீதியத் திருப்பிப் போடுங்க" என்று வந்தாலும் முதலில் இருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று. வாங்குபவர் ஒருவர், பணம் வருவது வேறு யாருடைய கணக்கிலிருந்தோ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வேறெங்கோ ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் அந்தத் தொகை வந்து சேர்ந்த உங்கள் கணக்கையும் முடக்குவார்கள். எங்கோ ஒரு மாநிலத்துக் காவல் நிலையத்துக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டிவரும். எதிரில் நிற்கிறவரின் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

நான்காம் படி: சந்திப்பு

பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். ராமநாதபுரம் என்றால் பாரதி நகர், அரண்மனை வாசல், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு. தனுஷ்கோடி ரோட்டிலோ கடற்கரைச் சவுக்குத் தோப்பிலோ வரச் சொன்னால் போகாதீர்கள். கூட ஒரு ஆள் இருக்கட்டும். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிற நேரத்தில் வீட்டு முகவரி கொடுக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் கொடுக்கலாம், அவர் வந்த வண்டியின் சாவியும் லைசென்ஸும் உங்கள் கையில் இருந்தால். பஸ்ஸில் வந்தவர் என்றால் பின்னால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பேப்பர்

பைக்கில் நம் ஆட்கள் செய்கிற பெரிய தவறு, காசை வாங்கிக்கொண்டு ஆர்.சி.யைக் கொடுத்துவிட்டு மறந்துபோவது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். வண்டி கடனில் இருந்ததென்றால் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் சேரும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "வாங்குனவர் மாத்திக்குவாரு" என்று விட்டால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் கடற்கரையில் விபத்தைத் தவிரக் கடத்தல் பயமும் உண்டு. நீங்கள் விற்ற வண்டியில் எவனாவது மூட்டை ஏற்றிப் பிடிபட்டால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், வண்டி எண், சேசிஸ் எண், தொகை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முக்கியம், அன்று மாலையே ஓவர்ஸ்பீடு சலான் வரலாம். ஆதார் நகல் கொடுப்பதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுத்து, நகலின் குறுக்கே "இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள்.

போன் விற்பவர்கள் சிம்மை எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கூகுள் கணக்கு, ஐபோன் என்றால் ஐகிளவுட், இவற்றிலிருந்து வெளியேறிவிட்டு அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் வாங்கியவர் கையில் போன் பூட்டிக்கொள்ளும், ராத்திரி உங்களுக்குத்தான் அழைப்பு வரும்.

இனி, வாங்குவது

நம் ஊரில் எந்தப் பழைய பொருளிலும் முதலில் தேட வேண்டியது உப்பை. மதுரைக்காரர் கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பார், நாம் துருவைப் பார்க்க வேண்டும். கடலை ஒட்டிய வீட்டில் வெளியில் நின்ற வண்டி மேலே பளபளவென்றுதான் இருக்கும். குனிந்து பாருங்கள். ரிம்மின் உள்விளிம்பு, ஸ்போக்ஸ் ரிம்மில் சேரும் இடம், மட்கார்டின் அடிப்புறம், பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, டேங்குக்கு அடியில் சேசிஸ் வளையும் இடம். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் செம்பழுப்புப் பொடி வந்தால் அது பெயின்ட் இல்லை, மூடி. ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள், நல்ல இரும்பு கணீரென்கும், அரித்த இரும்பு பொத்தென்கும். ஏசி வாங்கினால் வெளியே இருக்கும் யூனிட்டின் தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள், பொடிந்தால் வேண்டாம்.

அவுட்போர்டு என்ஜின் என்றால் கீழ்ப்பகுதியின் கியர் ஆயில் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். வரும் எண்ணெயை விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கிவிட்டது. விற்பவர் பிளக்கைத் திறக்கவே மாட்டேன் என்றால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வள்ளமோ ஃபைபர் படகோ சேர்ந்து வந்தால், பக்கவாட்டில் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண்ணும் மீன்வளத் துறைப் பதிவுச் சான்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்தையும் அந்த அலுவலகத்திலேயே முடியுங்கள். படகை மட்டும் வாங்கிக்கொண்டு பதிவை அவர் பெயரிலேயே விட்டால் பிற்பாடு மானிய டீசல் நேரத்தில் தலைவலி.

பைக்குக்கு மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டால் கடன், இன்சூரன்ஸ், ஆர்.சி. காலாவதி தெரியும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துக் காட்டும், ஆனாலும் ஒத்துப் பார்க்கலாம்.

போனுக்கு *#06# அழுத்தினால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண், இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா, எண் போலியா என்று பதில் வரும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் "காக்கா (அண்ணன்) சவுதியிலேருந்து கொண்டாந்தது, பெட்டி பிரிக்கல" என்று வரும் போன்களில் நல்லதும் நிறைய உண்டு, நானே ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டியிலுள்ள எண்ணும் போனிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், சார்ஜ் துளையில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். "ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் புடிச்ச போன், பாதி விலை, வரி மட்டும் முன்னாடி கட்டணும்" என்பது மட்டும் சுத்தப் புளுகு.

தொடவே கூடாத சரக்கும் சில விளம்பரங்களில் தலைகாட்டும். கடல் அட்டையை 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடல் குதிரையும் பவளமும் பாதுகாக்கப்பட்டவையே. காய்ந்த அட்டை, மீன் தொட்டிக்குப் பவளக்கல் என்று குரூப்பில் யாராவது போட்டால் விலைகூடக் கேட்காதீர்கள். வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்தான்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைக்காதீர்கள், நான் அப்படித்தான் கெட்டேன். உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழையுங்கள். யூடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்), தொகை, நேரம், எந்தக் கணக்குக்குப் போனது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் அந்தத் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதிந்து, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போங்கள். ஏமாற்றியவனோடு நடந்த சாட் மெசேஜ்களை அழிக்க வேண்டாம், படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பொருள் விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். மச்சான் வண்டி திருப்புல்லாணிக்காரர் ஒருவருக்கு 29,500-க்குப் போனது. மூன்று வாரம் விளம்பரத்தை அப்படியே விட்டிருந்தார். நேற்று ராத்திரி பத்தரைக்கும் ஒரு போன்: "அண்ணே, கடைசி விலை என்ன?"