ஆன்டிவைரஸ்ல எக்ஸ்க்ளூஷன் போட்டது: என் அனுபவம்

நான் எழுதுற ப்ரோக்ராமை கம்பைல் பண்ணா (கம்ப்யூட்டர்ல ஓடற ஃபைலா மாத்தினா) எக்ஸி ஃபைல் உருவான உடனே காணாம போயிடும், எர்ரரும் தெளிவா வராது, கம்பைலர்லதான் ஏதோ கோளாறுன்னு தோணும், ஆனா ஆன்டிவைரஸ் ஹிஸ்டரிய பார்த்தா எல்லாம் குவாரண்டைன்ல (சந்தேகமான ஃபைலை தனியா பூட்டி வைக்கிற இடம்) இருக்கு. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத, இதுவரை எங்கயுமே பார்க்காத புது ஃபைல்னா அது சந்தேகப்படத்தான் செய்யும், அதுக்காக ஆன்டிவைரஸையே ஆஃப் பண்றது ரொம்ப ஆபத்து, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க.

பில்டு (கம்பைல்) ஆகி ஃபைல் விழுற ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷன்ல, அதாவது ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ணாம விடவேண்டிய லிஸ்ட்ல, சேர்த்தேன், சரியாயிடுச்சு. விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டர் வச்சிருக்கவங்க விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், அதுல மேனேஜ் செட்டிங்ஸ் போய் கீழ இறங்கினா எக்ஸ்க்ளூஷன்ஸ் இருக்கும். ஃபைல், ஃபோல்டர், ஃபைல் டைப், ப்ராசஸ்னு 4 வகை காட்டும். ஃபைல் டைப்ல எக்ஸின்னு மட்டும் போட்டுடாதீங்க, மொத்த கம்ப்யூட்டர்லயும் எந்த எக்ஸியையும் ஸ்கேன் பண்ணாது. ப்ராசஸ்ங்கறது (ஓடிக்கிட்டு இருக்கற ப்ரோக்ராம்) நிறைய பேர் நினைக்கிற மாதிரி இல்ல, அந்த ப்ரோக்ராமை விட்டுடாது, அது திறக்குற ஃபைல்களைத்தான் விடும், அதுவும் ரியல் டைம் ஸ்கேன்ல (ஃபைலை திறக்கும்போதே நடக்குற ஸ்கேன்) மட்டும். ஃபோல்டர் குடுத்தா உள்ள இருக்கற சப்ஃபோல்டர் எல்லாமே சேர்ந்துடும், அதனால டவுன்லோட்ஸ், டெம்ப் (தற்காலிக ஃபைல் ஃபோல்டர்), முழு சி டிரைவ் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஏற்கனவே குவாரண்டைன் ஆனது தானா திரும்பி வராது, ரீஸ்டோர் குடுக்கணும், நான் புதுசா பில்டு பண்ணிக்கிட்டேன். வெளியில இருந்து எடுத்த ஃபைல்னா எக்ஸ்க்ளூஷன் போடறதுக்கு முன்னாடி வைரஸ்டோட்டல்ல (பல ஆன்டிவைரஸ்ல ஒரே நேரத்துல செக் பண்ற வெப்சைட்) ஒரு தடவ போட்டு பாருங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஃபோல்டரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க.