மூங்கிலை இனங்காண உதவும் மாதிரியை எடுப்பது எப்படி?

இலைகளோடு ஒரு மூங்கில் கிளையை ஒடித்து, செய்தித்தாளுக்குள் அழுத்தி உலர்த்திக் கொண்டுவந்து, 'இது எந்தச் சிற்றினம்?' என்று கேட்டால், தேர்ந்த வகைப்பாட்டியலாளரும் பெரும்பாலும் கையை விரிக்கவே வேண்டியிருக்கும். மற்ற பூக்கும் தாவரங்களில் கிளையும் இலையும் பூவும் சேர்ந்த ஒரே தாள் பெரும்பாலும் போதுமான சான்றாகிவிடுகிறது. மரத்தன்மையுள்ள மூங்கில்களிலோ பல சிற்றினங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கின்றன. மெலோகன்னா பாக்சிஃபெரா ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஃபில்லோஸ்டாக்கிஸ் பாம்புசாய்டெஸ் ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பூப்பவை. ஆகவே, 1,600-க்கும் மேற்பட்ட மூங்கில் சிற்றினங்களுள் நம் முன் நிற்பது எது என்பதைப் பூவின் துணையின்றியே கண்டறிய வேண்டும். மாதிரி எடுக்கும் முறையும் அதற்கேற்ப மாறுகிறது.

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். புதிய முளைகள் எழுந்து கழியாக உயரும் பருவமே ஏற்றது. முளை மண்ணைவிட்டு வெளிவரும்போதே கழியின் பருமன் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மரங்களைப் போல ஆண்டுதோறும் அது பருப்பதில்லை. இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அந்தச் சில மாதங்களில்தான், ஒவ்வொரு கணுவிலிருந்தும் எழுந்து இளந்தண்டைப் போர்த்தியிருக்கும் உறை முழுமையாகக் கிடைக்கும். பூ இல்லாத மூங்கிலுக்கு முகவரி இந்தத் தண்டுறைதான் என்று சொல்வேன்.

உறை கழியின் அடியிலிருந்து நுனிவரை ஒரே வடிவில் இருப்பதில்லை. அடிக்கணுக்களில் அது குட்டையாகவும் அகலமாகவும், நுனியிலுள்ள அலகு (இலை போன்ற தட்டையான பகுதி) மிகச் சிறியதாகவும் இருக்கும். மேலே செல்லச்செல்ல அலகு நீண்டு, சாதாரண இலையின் சாயலைப் பெறும். எனவே நிலமட்டத்திலிருந்து ஐந்தாவது கணுவை ஒட்டிய உறையையும், கழியின் நடுப்பகுதி உறை ஒன்றையும் எடுத்து, எது எந்தக் கணுவுக்குரியது என்று உறையின் மீதே பென்சிலால் எழுதிவிடுங்கள். தரையில் உதிர்ந்து கிடப்பவை எடுக்க எளிதென்றாலும் அவற்றின் மயிர்களும் விளிம்புகளும் சிதைந்திருக்கும். அருகிலுள்ள வேறொரு தூறிலிருந்து காற்றில் வந்தவையாகவும் இருக்கலாம். நான் தொடக்கத்தில் இரண்டு தூறுகளின் உறைகளைக் குறிப்பெழுதாமல் ஒரே பையில் போட்டு, அன்றைய உழைப்பு முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

உறையைக் கையில் எடுத்ததும் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். அலகு உறையோடு சேரும் இடத்தில், உட்புறமாக மெல்லிய சவ்வு ஒன்று நிற்கும், அதுவே லிக்யூல். அதன் விளிம்பு நேர்கோடாக உள்ளதா, பல்பல்லாக வெட்டுண்டதா, மயிர் விளிம்பு கொண்டதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபுறத் தோள்களிலும் காதுமடல் போன்ற நீட்சிகள் உள்ளனவா, அவற்றின் ஓரத்தில் விறைத்த முட்கள் போன்ற மயிர்கள் உள்ளனவா, அலகு நிமிர்ந்து நிற்கிறதா அல்லது பின்னோக்கி மடிந்திருக்கிறதா என்பவையும் முக்கியம். காய்ந்தபின் நிறமும் மேற்பூச்சும் மங்கிவிடுமாதலால் இவற்றைக் களத்திலேயே எழுதி, உட்புறம், வெளிப்புறம் இரண்டையும் அளவுகோலோடு படமெடுப்பது நல்லது. சில சிற்றினங்களின் உறையைப் போர்த்தியுள்ள பழுப்பு அல்லது கரிய மயிர்கள் தோலில் தைத்து நாள்முழுதும் அரிக்கும் என்பதால் கையுறை கட்டாயம்.

அடுத்து கிளைகள். கழியின் நடுப்பகுதியில் ஒரு கணுவை, மேலும் கீழும் கணுவிடையின் சிறு பகுதியோடு அறுத்தெடுங்கள். இரண்டு சமமற்ற கிளைகளும், அவற்றுக்கு மேலுள்ள கணுவிடையில் கட்டைவிரலால் தடவினாலே தெரியும் பள்ளமும் இருந்தால் அது பெரும்பாலும் ஃபில்லோஸ்டாக்கிஸ் பேரினம். முள் இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாம்புசா பேரினத்திலும் முள் உண்டு, குவாடுவா பேரினத்திலும் உண்டு. ஆனால் குவாடுவாவின் கணுவுக்கு மேலும் கீழும் வெண்மயிர்ப் பட்டை ஒன்று தெளிவாகத் தெரியும். கழியின் சுவர்த் தடிமனையும் அளந்து எழுதுங்கள். ஆனால் அதற்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். கல்மூங்கில் வறண்ட நிலத்தில் ஏறக்குறைய கெட்டியாகவும், ஈரமான இடத்தில் உள்ளீடற்றும் வளர்வது அறிந்ததே.

மண்ணுக்கடியிலுள்ள தண்டைத் தோண்டிப் பார்ப்பது உடல் வருத்தும் வேலை. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நுனி மேல்நோக்கித் திரும்பித் தானே கழியாகும் குட்டையான, தடித்த வகை ஒன்று. கிடையாக நீண்டு ஓடி, பக்கமொட்டுகளிலிருந்து கழிகளை எழுப்பும் மெல்லிய வகை மற்றொன்று. முன்னதில் கழிகள் நெருங்கித் தூறாகவும், பின்னதில் பரவலாகவும் நிற்கும் என்பது பொதுவிதி. மெலோகன்னா இந்த விதியை மீறுகிறது: தடித்த வகையைச் சேர்ந்ததாயினும் அதன் தண்டின் கழுத்து நீளமானதால் கழிகள் விலகி விலகி நிற்கின்றன. பார்வைக்கு ஓடும் மூங்கிலாகத் தோன்றுவதை, ஓரடி தோண்டிப் பார்க்காமல் அப்படியே பதிவுசெய்துவிடாதீர்கள்.

இலைகளை வழக்கம்போல் அழுத்தலாம். ஆனால் மூங்கில் இலை வெட்டியவுடன் சுருளத் தொடங்குவதால், நின்ற இடத்திலேயே அழுத்துப்பலகைக்குள் வைத்துவிடுங்கள். மரபணு ஆய்வுக்கு, நோயற்ற இளம் இலைத் துண்டுகளை அவற்றின் எடையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) காற்றுப்புகாத பையில் இட்டு உலர்த்த வேண்டும். மரபணு வரிசை வந்துவிட்டால் உறையும் கிளையும் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. மரத்தன்மையுள்ள மூங்கில்கள் பன்மடங்கு குரோமோசோம் தொகுதிகளைக் கொண்டவை. அவற்றின் தோற்றத்தில் பழங்காலக் கலப்புகளுக்குப் பங்குண்டு. குறிப்பாக, மிதவெப்ப மண்டல மூங்கில்களில் பசுங்கணிகத்தின் மரபணுக்கள் மிக மெதுவாகவே மாறுவதால், நெருங்கிய சிற்றினங்களை அவற்றால் மட்டும் பிரித்தறிவது கடினம்.

ஒரே தூறிலிருந்து எடுத்த உறை, கிளைக்கணு, நிலத்தடித் தண்டு, இலை, சிலிக்கா ஜெல் பை ஆகிய அனைத்துக்கும் ஒரே சேகரிப்பு எண்ணைக் கொடுங்கள். ஹெர்பேரியத் தாளில் (உலர்தாவர மாதிரியை ஒட்டிவைக்கும் தாள்) அடங்காத பெரிய உறையை மடிக்காமல் தனிப்பெட்டியில் வைத்து, தாளில் அதைக் குறிப்பிடுங்கள். தூறின் துல்லியமான இருப்பிடத்தையும் பதிவுசெய்துவிட்டு, இயன்றபோதெல்லாம் திரும்பச் சென்று பாருங்கள். கூட்டமாகப் பூக்கும் மூங்கில்கள் பெரும்பாலும் விதைத்தபின் மடிந்துவிடுகின்றன. நீங்கள் போகும்போது தூறு காய்ந்து நின்றால், உதிர்ந்த பூக்கதிர்களையும் விதைகளையும், கீழே முளைத்திருக்கும் நாற்றுகள் சிலவற்றையும் அதே எண்ணின் தொடர்ச்சியாகச் சேகரித்துக்கொள்ளுங்கள்.