லெஸ்காலியே சொல்லிக் கொடுத்த பாடம்: பைத்தானில் தரவுத்தளத்தைப் பாதுகாப்பாகக் கையாள்வது

மொரீஷியஸில் எங்கள் ஊர்க் கோவிலில் தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய, பைத்தான் மொழியும் எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளமும் வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். நன்றாகத்தான் ஓடியது. தெற்கே லெஸ்காலியே என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் பதிய வந்ததும் நின்றுவிட்டது.

காரணம் அந்த ஊரின் பெயர். பிரெஞ்சு முறையில் (L'Escalier) எழுதும்போது முதல் எழுத்துக்குப் பின் ஒரு ஒற்றை மேற்கோள் குறி (') வரும். தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) முடிவதைக் காட்டுவதும் அதே குறிதான். நான் ஊர்ப் பெயரை எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்பை நடுவில் செருகும் பைத்தான் ஸ்ட்ரிங்) கட்டளையோடு ஒட்டியிருந்தேன். ஸ்ட்ரிங் பாதியில் முடிந்து, மிச்ச எழுத்துகளைத் தரவுத்தளம் கட்டளையாகப் படிக்கப் பார்த்தது. எனக்குப் பிழைச் செய்தியோடு போயிற்று. தேடல் பெட்டியில் இதே ஓட்டை இருந்து, கெட்ட எண்ணம் கொண்டவர் குறிக்குப் பின் எப்போதும் உண்மையாகும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், எல்லாப் பக்தர்களின் தொலைபேசி எண்ணும் அவர் கைக்குப் போய்விடும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்.

படி 1: மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி (?) மட்டும் போடுங்கள். அதைச் சுற்றி மேற்கோள் வேண்டாம். பிறகு கட்டளையை இயக்கும் எக்ஸிக்யூட்டுக்கு (execute) கட்டளையை முதலிலும், மதிப்புகளை டியூப்பிளாக (அடைப்புக்குள் எழுதும் மதிப்பு வரிசை) இரண்டாவதாகவும் கொடுங்கள். இப்போது பயனர் எதைத் தட்டினாலும் அது வெறும் தரவு. ஒரே மதிப்பு என்றால் அடைப்புக்குள் அதன் பின்னால் காற்புள்ளி கட்டாயம். விட்டால் பைத்தான் அதை டியூப்பிளாக எடுக்காது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அட்டவணைப் பெயருக்கும் நெடுவரிசைப் பெயருக்கும் கேள்விக்குறி செல்லாது, அவற்றை நீங்களே எழுதி வைத்த பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள். மேற்கோள் குறியை நாமே தேடி மாற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஏதாவது ஓரிடத்தில் மறந்துவிடுவோம்.

படி 2: காவடிப் பதிவு ஓர் அட்டவணை, காணிக்கை இன்னொன்று. முதலாவது பதிவாகி, இரண்டாவதற்கு முன் மின்சாரம் போனால் கணக்கு உதைக்கும். இரண்டையும் தரவுத்தள இணைப்பின் 'வித்' (with) தொகுதிக்குள் வையுங்கள். எல்லாம் சரியாக முடிந்தால் கமிட் (மாற்றங்கள் நிலைக்கும்), நடுவில் பிழை வந்தால் ரோல்பேக் (எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்). ஆனால் 'வித்' இணைப்பை மூடாது. குளோஸ் (close) தனியாக எழுத வேண்டும்.

படி 3: எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை (ஓர் அட்டவணை சுட்டும் வரிசை மற்ற அட்டவணையில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது) வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பையும் திறந்ததும் பிராக்மா கட்டளையால் (PRAGMA foreign_keys = ON) அதை இயக்குங்கள். அப்புறம், காணிக்கைத் தொகையில் தசமப் பிழை வராமலிருக்க ரூபாயை சென்ட்டாக்கி முழு எண்ணாகச் சேமியுங்கள்.

சரி, இப்போது உங்கள் படிவத்தில் லெஸ்காலியேயைப் பிரெஞ்சு எழுத்தில் தட்டிப் பதியுங்கள். திரும்ப எடுக்கும்போது அந்தக் குறி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.