‘சொந்த நலனுக்கு எதிராக ஓட்டுப் போடுகிறார்கள்’: எழுதும் முன் சரிபார்க்கும் முறை

தேர்தல் முடிவு வந்த மறுநாளே யாராவது ஒருவர் கட்டுரையில் இந்த வாக்கியம் வந்துவிடும். ஏழைகள் ஏன் தங்களுக்கு நட்டம் தரும் கட்சியை ஆதரிக்கிறார்கள் என்ற கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் நட்டம் உண்டா என்று கணக்குப் போடாமலே பலரும் அறியாமை, சாதி, மதம், இனம் என்று காரணம் தேடப் போய்விடுகிறார்கள். செய்தியாளர், ஆய்வு மாணவர், கட்சிக்காகக் களத்தில் விசாரிப்பவர் யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போனால் பாதித் தவறுகள் தானே விலகும்.

கூற்றை உடையுங்கள்

நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்: எந்த வாக்காளர்? எந்தத் தேர்தல்? எந்த மாற்றுக் கட்சியோடு ஒப்பிட்டு? எந்த நலன்? மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கட்சியின் திட்டம் கூலித் தொழிலாளிக்குக் கேடு என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தொகுதியில் வெல்லும் நிலையில் இருந்த மற்றக் கட்சி அவருக்கு மேலானதைத் தந்திருக்குமா என்றும் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி என்றால் பொருளாதாரம் தராசிலேயே இல்லை. அவர் வேறு காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்ததில் வியப்பும் இல்லை.

ஓட்டு யாருடையது?

இடங்களின் எண்ணிக்கையை மக்கள் மனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016 நவம்பர் 8 அன்று உயர் மதிப்பு நோட்டுகள் செல்லாமல் போயின. சில மாதங்களில் உத்தரப் பிரதேசத்தில் பாஜக 403 இடங்களில் 312ஐப் பிடித்தது. ‘அடிபட்டவர்களே ஆதரித்தார்கள்’ என்று அப்போது பலர் எழுதினார்கள். கட்சி பெற்ற வாக்கு விகிதமோ 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அடிபட்டவர்கள் அந்த நாற்பதில் இருந்தார்களா, மீதி அறுபதில் இருந்தார்களா என்பதை இடக்கணக்கு சொல்லாது.

இதைவிட நுட்பமான குழி, பகுதியின் தன்மையைத் தனிமனிதர் மேல் ஏற்றுவது. வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமாக இருந்த அமெரிக்க மாநிலங்களில் எழுத்தறிவு உயர்ந்திருந்தது; ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தால் அவர்களிடையே எழுத்தறிவு குறைவு. சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950இல் காட்டியது இது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தேர்தல்களிலும் இதே முரண் தெரிந்தது. ஏழை மாநிலங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தன. மாநிலத்துக்குள்ளே பார்த்தால் அக்கட்சிக்கு அதிகம் வாக்களித்தவர்கள் வசதியானவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவதா என்று 2016இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், ஒன்றியத்தின் வளர்ச்சி நிதி பெற்ற வேல்ஸ் 52.5 சதவீதமும் கார்ன்வால் 56.5 சதவீதமும் வெளியேறவே வாக்களித்தன. நிதி வட்டாரத்துக்கு வந்தது என்பதால், வெளியேற வாக்களித்தவரின் வீட்டுக்கும் வந்தது என்று ஆகிவிடாது. ஆகவே வட்டார முடிவைக் காரணத்தின் சான்றாக வைக்காதீர்கள். வருமானமும் வாக்கும் ஒரே ஆளிடம் கேட்ட தரவு வேண்டும்.

கணக்குத் தாள்

ஒரு வகைக் குடும்பத்துக்கு ஒரு தாள், கட்சிக்கு ஒரு பத்தி, காலம் அடுத்த தேர்தல் வரை. வரிசைகள்: நேரடி வரி, பொருள் வாங்கும்போது கட்டும் மறைமுக வரி, கைக்கு வரும் உதவித்தொகை, மருத்துவம், பள்ளி போன்ற இலவசச் சேவை, வேலை, கூலி, விற்கும் பொருளின் விலை, வாங்கும் பொருளின் விலை, வீடு, நிலம் போன்ற சொத்தின் மதிப்பு. விலை வரிசையில் கவனம் தேவை. விளைபொருள் விலை ஏறினால் எல்லா விவசாயிக்கும் ஆதாயம் என்று நினைப்பது தவறு. விளைவிப்பதைவிட அதிகம் வாங்கி உண்ணும் சிறு விவசாயிக்கு அது நட்டம்.

கடைசிப் பத்தி, நம்பகம். ஒரு கட்சி ஆண்டுக்கு 12,000 தருவதாகச் சொல்கிறது. வாக்காளர் அதை முழுதாக நம்பவில்லை, நாலில் ஒரு பங்குதான் நம்புகிறார் என்றால் அவர் கணக்கில் அது 3,000. இன்னொரு கட்சியின் உள்ளூர் ஆள் மூலம் 5,000 நிச்சயம் வரும் என்றால் அவர் அங்கே போவதுதான் சரியான கணக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 12,000ஐ விட்டுவிட்டு 5,000ஐப் பிடித்தவர் ஏமாளியாகத் தெரிவார்.

தெரிந்துதானா?

தாளில் உண்மையான நட்டம் வந்தால், அது அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். ஒரு தனி ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறியது. ஆகவே கொள்கை விவரங்களைத் தேடிப் படிக்கப் பெரிய தூண்டுதல் இல்லை என்று அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோனி டௌன்ஸ் 1957இலேயே விளக்கினார். இது படிக்காதவர் நோய் அல்ல. அமெரிக்காவில் அரசியல் ஆய்வாளர் சூசன் மெட்லர் பயன்படுத்திய 2008 கருத்தாய்வில், வீட்டுக்கடன் வட்டிக்கான வரிச்சலுகை பெற்றவர்களில் 60 சதவீதம் பேரும், அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெற்றவர்களில் 44 சதவீதம் பேரும், தாங்கள் எந்த அரசுத் திட்டத்தையும் பயன்படுத்தியதில்லை என்றார்கள். ஆகவே ‘அரசு உதவி பெற்றீர்களா’ என்று கேட்காதீர்கள். திட்டத்தை அதன் வழக்குப் பெயரால், ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

தெரிந்தும் என்றால்

இங்கே இடமாற்றுக் கேள்வி உதவும்: ‘உங்கள் கட்சி மற்றக் கட்சியின் பொருளாதாரத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அப்போதும் உங்கள் கட்சிக்கே ஓட்டுப் போடுவீர்களா?’ ஆம் என்றால் அவரைப் பிடித்து வைத்திருப்பது திட்டமல்ல. அடையாளம், மானம், தலைவர் மேல் நம்பிக்கை, எதிர்க்கட்சி மேல் பயம் இவற்றில் ஒன்று. ஒரே ஓட்டில் நூறு விஷயங்களைக் கட்டித் தருகிறார்கள். அதில் பணம் ஒன்றுதான்.

படிநிலை பற்றிய அச்சத்தைத் தனியாக விசாரியுங்கள். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவதை அதிகம் எதிர்த்தவர்கள் அதைவிடச் சற்றே கூடுதலாகச் சம்பாதித்தவர்கள். கீழே இருப்பவர் மேலே வந்தால் கடைசி இடம் நமக்கு வந்துவிடுமோ என்ற அச்சம் அதற்குக் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதே விசாரணையை வசதியானவர்களிடமும் நடத்துங்கள். தங்கள் வரியை உயர்த்தும் கட்சிக்கு வாக்களிக்கும் பணக்காரரை யாரும் ஏமாளி என்பதில்லை, கொள்கைப் பிடிப்பு என்கிறார்கள். ஏழைக்கும் கொள்கை இருக்கலாம் என்பது ஏனோ தோன்றுவதில்லை.

களத்தில் கெடுவது

‘ஏன் போட்டீர்கள்’ என்று கேட்டால் கட்சி மேடையில் சொன்னதே திரும்பி வரும். பலர் கட்சியை முதலில் பிடித்துக்கொண்டு அதன் கருத்துகளைப் பிறகுதான் ஏற்கிறார்கள். எனவே திட்டம் பற்றிய கேள்விகளைக் கட்சிப் பெயர் இல்லாமல் முதலில் கேளுங்கள், ஓட்டைக் கடைசியில் கேளுங்கள். தேர்தலுக்குப் பிறகு கேட்டால் வென்ற கட்சிக்குப் போட்டதாகச் சொல்பவர் கூடிவிடுவார்கள். நீங்கள் விசாரித்தவர்களின் வாக்கு விகிதத்தை அதிகாரபூர்வ முடிவோடு ஒத்துப் பாருங்கள். 1,000 பேர் என்றால் பிழை வரம்பு சுமார் 3 சதவீதம்தான். ஆனால் அதில் நீங்கள் பேசப்போகும் ஏழை வாக்காளர்கள் 100 பேர் என்றால் அவர்களுக்கு அது 10. அந்த 10ஐயும் கட்டுரையிலேயே எழுதுங்கள்.